கிரவுன் வீலின் பின்பக்கம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு முட்டாள். அதிலும் எல்லாரையும் சந்தேகப்படுகிற ரகம். சாதாரண முட்டாளை ஏமாற்ற ஊரில் யாராவது மெனக்கெட வேண்டும். சந்தேகப்படுகிற முட்டாளுக்கு அந்த உதவிகூடத் தேவையில்லை, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வான். பழைய அம்பாசடர் ஒன்றின் பின் ஆக்சிலுக்குப் பல்சக்கரம் தேடிப் போன விவகாரத்தில் அதை விற்ற கடைக்கார அம்மாவைச் சந்தேகப்பட்டேன், பஸ் கண்டக்டரைச் சந்தேகப்பட்டேன், வண்டிக்காரனைச் சந்தேகப்பட்டேன், டீ கிளாசைச் சந்தேகப்பட்டேன். ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டேன். அவன்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எழுத வைத்தது ஒரு போட்டோ. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தள்ளிவிடவில்லை, காலை வணக்கம் போட ஒரு ஆள் வேண்டுமே. போன வாரம் அதில் ஒருவர் பழைய கிரவுன் பினியன் செட் ஒன்றின் படத்தைப் போட்டு, ‘சூப்பர் கண்டிஷன், கூரியர்ல வருது’ என்று எழுதினார். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. நான் மட்டும், ‘பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க’ என்று போட்டேன். ‘ஏன் மேஸ்திரி, ஆதார் கார்டா அது?’ என்று ஒருவர் கேட்க, சிரிப்பு பொம்மைகள் கொட்டின. பதில் சொல்லக் கட்டைவிரல் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கார்களில் இன்ஜின் முன்னாலே இருக்கும், வண்டியைத் தள்ளுகிற சக்கரம் பின்னாலே இருக்கும். நடுவில் ஒரு நீள ஷாஃப்ட். அது பின் ஆக்சிலுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம், பினியன். அது சுற்றிவிடுகிற பெரிய தட்டுப் பல்சக்கரம், கிரவுன் வீல். இரண்டும் பிறக்கும்போதே ஜோடி. ஒன்றோடொன்று உரசி உரசிப் பழகியவை. ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்து வைத்தால் கடைசி வரைக்கும் சண்டைதான். இவை தேய்ந்துபோனால் வண்டி உடனே நின்றுவிடாது, அழும். பின் சீட்டுக்கு அடியில் யாரோ உட்கார்ந்து ‘ஊ...’ என்று அழுகிற மாதிரியே இருக்கும். புது செட் இப்போது கண்ணில் படுவதில்லை. உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து கழற்றியதைத்தான் தேடிப் போக வேண்டும். விற்கிறவர் எல்லாரும் ‘கம்மியா ஓடின வண்டி’ என்பார்கள். ஜாஸ்தி ஓடின வண்டியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

நான் தொழிலுக்கு வந்த கதை சின்னது. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லை. என்னைக் காவலுக்குப் போட்டார்கள். நான் தூங்கினேன். எனக்குக் காவல் போட இன்னொரு ஆள் வேண்டியிருந்ததால் அப்பா கணக்குப் போட்டுப் பார்த்து என்னைத் திருவண்ணாமலையில் காதர் பாயின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டார். சில வருஷம் கை மண்ணெண்ணெயில் ஊறியது, காது திட்டில் ஊறியது. ஒருநாள் யாரோ ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டார்கள். திரும்பி யாரையோ தேடினேன், என்னைத்தான்.

காதர் பாய் நல்ல மனிதர். தன்னைத் தவிர இன்னொரு நல்ல மனிதர் உலகத்தில் இருப்பதாக அவர் நம்பியதில்லை, அவ்வளவுதான். வண்டியைக் கொண்டுவந்தவர், “நேத்து வரைக்கும் சூப்பரா ஓடிச்சு பாய்” என்பார். பாய் குரலை உயர்த்தாமல், “முந்தாநேத்து?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

பழைய சாமான் வாங்கப் போனால் அவர் நடையே மாறிவிடும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவதைத் தொடவே மாட்டார். “முதல்ல காட்டுறது அவனுக்குப் புடிச்சது. நமக்குப் புடிச்சது உள்ள இருக்கும்.” டீ வரும், குடிக்க மாட்டார். “அவன் டீயைக் குடிச்சிட்டுப் பாத்தா எல்லாப் பல்லும் நல்லாத்தான் தெரியும்.”

அப்புறம்தான் சோதனை. ஜோடி சக்கரங்கள் இரண்டிலும் ஒரே நம்பர் மெல்லிசாகக் கீறியிருக்கும். அதைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார், கட்டைவிரலால் தடவுவார். பழைய கீறல் வழுக்கும், புதுக் கீறல் பிடிக்கும். ஒரு தடவை வேலூரில் இரண்டு நம்பரும் அச்சாக ஒன்றாக இருந்தன. பாய் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த ஏழாம் நம்பரை எழுதினது உங்க பையனா? கையெழுத்து நல்லா இருக்கு, இன்னும் படிக்க வைங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். கடைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நம்பர் ஒத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பல்லிலும் நகத்தை ஓட்டுவார். எங்காவது நகம் தடுக்கினால் போச்சு. அடுத்து கிரவுனைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டுவார். நல்ல கிரவுன் கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று முடிந்துவிடும்.

மாட்டுவதற்கும் அவருக்கு ஒரு முறை உண்டு. கிரவுன் வீலின் முன்பக்கம் பல், பின்பக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கத்தை இன்னொரு தட்டின் மேல் வைத்து போல்ட்டுப் போட்டு இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் பெட்ரோலால் துடைப்பார், பழைய வேட்டித் துணியால் துடைப்பார், கடைசியில் உள்ளங்கையால் தடவுவார். “நடுவுல ஒரு தலமுடி மாட்டினாலும் கிரவுனு கோணலா உக்காரும். கோணலா உக்காந்தா சுத்துக்கு ஒருவாட்டி அழும்.” இதை அவர் சொல்லாத நாள் இல்லை. நான் தலையாட்டாத நாளும் இல்லை.

மாட்டிய பிறகு பற்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க நிறம் பூசுவார்கள். பாயின் நிறம் குங்குமம். கியர் ஆயிலில் குழைத்து, கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் பூசி, சுற்றிவிட்டு, எங்கே அழிகிறது என்று பார்ப்பார். கோபுரத்துக்கு எதிரில் இருந்த கடையில் அவரே போய்க் குங்குமம் வாங்குவார். கடைக்கார அம்மா ரொம்ப நாள் அவரை ஒரு ரகசிய பக்தர் என்று நினைத்து, கூடவே ஒரு பொட்டலம் விபூதியும் கொடுத்துவந்தார். பாய் அதை மரியாதையாக வாங்கி என்னிடம் தருவார். “உங்க ஊட்ல குடு. அந்தம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லாத.” உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அந்த அம்மாதான் என்று நினைக்கிறேன்.

பாய் காலமான பிறகு ஒர்க்‌ஷாப்பை நான் பார்த்துக்கொண்டேன். அவருடைய கைத்திறமை எனக்கு முழுசாக வரவில்லை. சந்தேகம் மட்டும் வட்டியோடு வந்து சேர்ந்தது.

இப்போது ஏழுமலை விஷயத்துக்கு வருகிறேன். நான் கடையை மூடுவதற்கு முன் செய்த கடைசிப் பெரிய வேலை அது.

ஏழுமலைக்கு ஊர் அடி அண்ணாமலை. டாக்சி ஸ்டாண்டில் எல்லாரிடமும் புது வண்டி, இவனிடம் மட்டும் வெள்ளை அம்பாசடர். அதை வைத்தே பிழைத்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் இருக்கிற ஒரு கெஸ்ட் ஹவுசில் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த வண்டியென்றால் உயிர். ஏர்போர்ட் ட்ரிப் எல்லாம் அவனுக்கே. குளிர்காலத்துச் சீசனில் ஓட்டுவதுதான் வருஷம் முழுக்க வீட்டுக்குச் சோறு.

வண்டி அழ ஆரம்பித்தது. பின் சீட்டிலிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, டிக்கியில் ஏதாவது மிருகம் இருக்கிறதா என்று கேட்டாராம். கெஸ்ட் ஹவுஸ் மேனேஜரம்மா கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார்: “ஞாயித்துக்கிழமை, வருஷா வருஷம் வர்ற ஜோடி வருது. சத்தமில்லாம கூட்டினு வந்தீங்கன்னா சீசன் உங்களது. இல்லன்னா நான் வேற வண்டிக்குப் பேசிடுவேன், தப்பா நெனச்சுக்காதீங்க.”

ஏழுமலை என் முன்னால் வந்து நின்றான். “நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணா ஓடிச்சு.”

“முந்தாநேத்து?”

அவன் தலைகுனிந்தான். திறந்து பார்த்தால் ஆயிலில் வெள்ளிப் பொடி மின்னியது. பல்லெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

சென்னைக்குப் பஸ் ஏறினேன். ஆயுத பூஜை முடிந்த வாரம். பழைய சாமான் விற்கிற தெருவில் கடைக்குக் கடை வாழைக்கன்று வாடிக் கிடந்தது. ஆக்சில் சாமான் மட்டும் விற்கிற கடை ஒன்று. வீட்டுக்காரர் போன பிறகு தனலட்சுமி என்கிற அம்மா நடத்திவந்தார். என் வயசு இருக்கும். சந்தேகப்படுவதில் என்னைவிட மூத்தவர்.

“இன்னா வோணும்?”

“அம்பாசடர் டீசல், கிரவுன் பினியன் செட்டு.”

“வண்டி யாருது?”

“ஏம்மா, ஜாதகம் பாத்துதான் குடுப்பீங்களா?”

“வண்டிக்காரு போன் நம்பர் குடு. நீ ஒயுங்கா மாட்டாம, சரக்கு சரியில்லன்னு அவராண்ட என் தலையை உருட்டுவே. எத்தினி மேஸ்திரியைப் பாத்துகிறேன்.”

வேறு வழியில்லாமல் ஏழுமலையின் நம்பரைச் சொன்னேன். போனில் ஏற்றிக்கொண்டார்.

கிரவுன் வீல்களை எல்லாம் சுவரில் கம்பி அடித்து மாட்டியிருந்தார், பல் உள்பக்கம், தட்டைப் பக்கம் வெளியே. ஒவ்வொன்றின் தட்டைப் பக்கத்திலும் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அவர் ஒரு செட்டை எடுத்துக் காட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இது வேணாம். உள்ள இருக்கிறதக் காட்டுங்க.”

“உள்ள இருக்கிறது துருப் புடிச்சது.”

“பரவால்ல, காட்டுங்க.”

காட்டினார். துருப்பிடித்துத்தான் இருந்தது. பாயின் சூத்திரம் தோற்று, வெட்கத்தோடு முதல் செட்டுக்கே திரும்பினேன். நம்பரைத் தடவினேன், வழுக்கியது. நகத்தை ஓட்டினேன், தடுக்கவில்லை. ஸ்பேனரால் தட்டினேன், அப்படி ஒரு நாதம், எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவ்வளவு நல்லதாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

“இந்தப் பொட்டைக் கொஞ்சம் தொடச்சுக் காட்டுங்க. அடியில இன்னா இருக்குதோ.”

“பூஜை போட்ட பொட்டை என் கடையில எவனும் அயிக்கக் கூடாது. ஊட்டுக்குப் போயி தொடச்சிக்கோ.”

அதற்குள் டீ வந்தது. நான் தொடவில்லை.

“குடிய்யா. உள்ள இன்னா, பினியனையா போட்டு வச்சிகிறேன்?”

குடிக்கவில்லை. விலை பேசி, செட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். டீ ஆறிப்போனதைப் பற்றி அவர் பின்னாலிருந்து சொன்னதை இங்கே எழுத முடியாது.

பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைப் பின்னால் போடச் சொன்னார். எதற்காக அவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார்? மடியிலேயே வைத்துக்கொண்டேன். தொடை மரத்துப்போனது. செஞ்சி தாண்டும்போது சாக்கு விலகி, சந்தனமும் குங்குமமுமாகக் கிரவுன் வீல் தரிசனம் கொடுத்தது. பக்கத்து சீட்டு அம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எந்தக் கோயிலுக்குப்பா போவுது?”

அவ்வளவு பக்தியாகக் கேட்கிறவரிடம் ‘அம்பாசடருக்கு’ என்று எப்படிச் சொல்வது? “அண்ணாமலையாருக்குத்தாம்மா” என்றேன். அவர் ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி அதன் மேல் வைத்தார்.

இதுதான் என்னைக் கவிழ்த்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒர்க்‌ஷாப்பில் பூவை எடுத்து அலமாரியில் வைத்தேன். பூவை எடுத்து அலமாரியில் வைத்தேன். தட்டைப் பக்கத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன், கை வரவில்லை. வாசலில் பார்த்தால் மலை. சாமி பெயரைச் சொல்லி ஒரு அம்மாவைக் கும்பிட வைத்துவிட்டு, மறுநாளே வெள்ளிக்கிழமை அதுவுமாக அந்தப் பொட்டை அழிப்பதா? பொட்டோ காய்ந்து காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இறுக்குகிற இறுக்கில் பொடியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாயின் குரல் கேட்காமல் இல்லை. ஆனால் அவர் தலைமுடி என்றுதான் சொன்னாரே தவிர, சந்தனம் என்று எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. பொட்டைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்தேன். பொட்டை விட்டுவிட்டேன். போல்ட்டுகளை இறுக்கினேன்.

நேரமாகிவிட்டதென்று நாலு இடத்தில் பூச வேண்டிய குங்குமத்தை ஒரே இடத்தில் பூசிப் பார்த்தேன். பல் பதிந்த தடம் அழகாக விழுந்தது.

சாயங்காலம் ஏழுமலை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும் போனோம். கொஞ்ச தூரம் சத்தமே இல்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வேகம் கூடியது. பின்னாலிருந்து வந்தது: ‘ஊங்... ஊங்... ஊங்...’

ஏழுமலை வண்டியை ஓரம் கட்டினான். “அண்ணா, முன்னாடி நேரா அழுதுனு இருந்துச்சு. இப்ப தாலாட்டுப் பாடுது.”

நான் சிரிக்க முயன்றேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “நாளைக்கு ஒரு நாள்தாண்ணா இருக்குது. மேனேஜரம்மா வேற வண்டிக்காரனை வந்து பாக்கச் சொல்லிட்டாங்களாம். இது போச்சுன்னா வண்டியை இரும்புக்குப் போட வேண்டிதுதான்.”

திரும்பி வரும் வழியெல்லாம் என் மூளை வேலை செய்தது. நான் டீயை மறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா பினியனை மாற்றிவிட்டாரா? கண்டக்டர் மூட்டையைப் பின்னால் போடச் சொன்னது யார் சொல்லி? ஏழுமலை மட்டமான ஆயில் வாங்கிக் கொடுத்தானா? அந்தக் கதம்பக்கார அம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை. வந்த வேகத்தில் சென்னைக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா, கும்பிட்டு வச்ச சரக்குன்னு நம்பி வாங்கினா இப்படியா பண்ணுவீங்க? வண்டி அழுவுது!”

தனலட்சுமி அம்மா பதறவில்லை. “எப்புடி அயுவுது? ஒரே இயுப்பாவா, வுட்டு வுட்டா?”

“விட்டு விட்டு.”

அப்புறம் கேட்டார்: “பொட்டைத் தொடச்சிட்டுதான மாட்டினே?”

“ஹலோ... ஹலோ... மலைப்பக்கம் சிக்னல் இல்லம்மா” என்று கட் செய்தேன். நான் நின்றுகொண்டிருந்தது செல்போன் டவருக்கு நேர் கீழே.

சனிக்கிழமை விடிந்ததும் யாரும் வருவதற்கு முன் ஆக்சிலைக் கழற்றினேன். கிரவுன் வீலை எடுத்தால், அந்தப் பொட்டு பொடியாகவே இல்லை. நசுங்கி, அகன்று, நடுவில் குங்குமச் சிவப்போடு, சீல் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்தக் கனத்துக்குக் கிரவுன் கோணலாகி, சுற்றுக்கு ஒருமுறை அழுதிருக்கிறது. பாய் இருந்திருந்தால் திட்டியிருக்க மாட்டார். “முந்தாநேத்து?” என்று மட்டும் கேட்டிருப்பார்.

சுரண்டி எடுத்தேன். கீழே போட மனசு வரவில்லை, துணியில் துடைக்கவும் மனசு வரவில்லை. தண்ணீரில் குழைத்து என் நெற்றியிலேயே இட்டுக்கொண்டேன். பெட்ரோலால் துடைத்தேன், வேட்டித் துணியால் துடைத்தேன், உள்ளங்கையால் தடவினேன். மாட்டி இறுக்கி, நாலு இடத்தில் குங்குமம் பூசிப் பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி விழுந்தன.

ஏழுமலை வந்தான். என் நெற்றியைப் பார்த்தான். “இன்னாண்ணா, காலையிலயே கோயிலா?”

“ஆமாப்பா. பேரிங் சரியா உக்காரல, அதான் சத்தம். அந்தச் சென்னைக்காரம்மா சரக்கே அப்படி. நான் சரி பண்ணிட்டேன்.”

அவன் கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினான். என் சந்தனத்தில் கியர் ஆயில் வாசனை அடித்தது எனக்கே தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் ஹவுசுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். இந்த டீயைக் குடித்தேன், மறுபடியும் ஒன்று வாங்கிக் குடித்தேன். செங்கம் ரோட்டில் வெள்ளை அம்பாசடர் திரும்பியது. காதைத் தீட்டிக்கொண்டேன். இன்ஜின் சத்தம், பின்னால் வந்த ஆட்டோக்காரனின் ஹாரன், வேறு ஒன்றுமில்லை. மேனேஜரம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்து பின் கதவருகே குனிந்தார். உள்ளே அந்த ஜோடி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அவர்களை எழுப்பாமல் நிமிர்ந்து, ஏழுமலையிடம் மெதுவாக, “செவ்வாக்கிழமை ஒரு ட்ரிப் இருக்குது, குறிச்சிக்கோங்க” என்றார்.

அவன் சீசன் அவனுக்கே கிடைத்தது. நான் அடுத்த சில மாதங்களில் கடையை மூடினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஏழுமலை என் வீட்டுக்கே வந்து கூப்பிட்டான். வண்டி இன்னும் ஓடுகிறதென்றால் நான்தான் காரணமாம், முதல் பொட்டு நான்தான் வைக்க வேண்டுமாம். போனேன். ஸ்டாண்டில் எல்லா வண்டியும் குளித்து மாலை போட்டு நின்றன. அவன் சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். பெருமை தாங்காமல் நாலு விரலையும் முக்கிக்கொண்டு, நான் உயிர் கொடுத்த இடத்திலேயே வைக்கலாம் என்று வண்டியின் பின்பக்கம் போய் ஆக்சிலைப் பார்த்துக் குனிந்தேன்.

“வெளியில மட்டும் வைங்கண்ணா” என்றான் ஏழுமலை.